கிள்ளானில் மாறாத சனி

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் விநாயகமூர்த்தி தம் இடது கையைக் குவித்துக் கிண்ணம்போல் பிடித்து, வலது கைக் கட்டைவிரலை அதற்குள் வைத்துக் காட்டினார்.

“இது கண் இருக்கிற எலும்புக்குழி. இது கண். விளங்குதோ அம்மா? கண்ணை எடுத்தாலும் குழி அப்படியேதான் இருக்கும். முகம் உள்ளுக்கு விழாது. ஆறினாப் பிறகு கண்ணாடிக் கண் ஒண்டு வைக்கலாம்.”

நல்லம்மாள் தலையசைத்தாள். இதே விளக்கத்தை அவர் நேற்றும் சொன்னார். நேற்றும் அவள் தலையசைத்தாள். புரியாமல் இல்லை. புரிந்துகொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அவள் கணவன் ரெங்கசாமி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனருடைய இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். பொங்கல் கழிந்த வாரத்தில் உளியின் தலையிலிருந்து தெறித்த இரும்புச் சில் ஒன்று அவன் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. சில்லை எடுத்தார்கள், பார்வை திரும்பவில்லை. அதோடு போயிருந்தால் அழுது ஓய்ந்திருக்கலாம். வெள்ளைக்கார டாக்டர் வேறொன்று சொன்னார். கெட்டுப்போன கண்ணை அப்படியே விட்டுவைத்தால் நல்ல கண்ணும் கெடும். அது கெட ஆரம்பித்துவிட்டால் பிறகு எதை எடுத்தும் பயனில்லை. ஆகவே இடது கண்ணை இந்த வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ரெங்கசாமி சம்மதம் என்று கைநாட்டு வைக்க வேண்டும்.

ரெங்கசாமி வைக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வைக்கிறேன் என்றும் சொல்லவில்லை. “எங்கக்கா என்ன சொல்லுதோ அதுதான்” என்றான்.

“இன்னும் உங்கட மச்சாள் வரேல்லையோ?” என்றார் விநாயகமூர்த்தி.

“அவங்க கிள்ளான்ல இருக்காங்க ஐயா. ஆள்விட்டுச் சொன்னோம். சனி மாறட்டும், அதுவரைக்கும் கத்தி வெக்கக்கூடாதுன்னு சொல்லியனுப்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு விருச்சிக ராசி. ஏழரைச் சனி. ரெண்டாவது சுத்து.”

டிரெஸ்ஸர் பெருமூச்சு விட்டார். சிரிக்கவில்லை. நெற்றியில் திருநீறு வைத்த மனிதர் அவர்.

“ஒரு வேடிக்கை சொல்லுறன் அம்மா. இந்த எலும்புக்குழியை டொக்டர் ஓர்பிட் எண்டு சொல்லுறார். நான் சின்ன வயசில படிக்கேக்க, கிரகம் சுத்துற வழிக்கும் ஓர்பிட் எண்டுதான் வாத்தியார் சொல்லித் தந்தவர்.”

“அப்ப ரெண்டுலயும் எங்க வீட்டுக்காரர்தான் மாட்டிக்கிட்டாரு” என்றாள் நல்லம்மாள்.

விநாயகமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வேடிக்கையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

“நீங்கள் ஒருக்கா நேரே போய்க் கேளுங்கோ. சனிக்குக் காலம் இருக்குது. ஒருமுறை சுத்தி வர முப்பது வருஷம். இந்தக் கண்ணுக்கு அவ்வளவு காலம் இல்லை.”

அவள் வார்டுக்குள் போனாள். ரெங்கசாமி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். தலையில் பாதியை மூடிய கட்டு.

“இந்தாங்க. நான் கிள்ளானுக்குப் போயிட்டு வரேன்.”

“இப்பவா?”

“பின்னே எப்ப?”

“நீ பேசுற மாதிரி பேசாதே புள்ளே. அக்காகிட்ட பணிவாக் கேளு. அதுக்குக் கோவம் வந்தா ஒண்ணும் நடக்காது.”

“உங்களுக்குக் கண்ணு வேணுமா, அக்கா கோவிக்காம இருக்கணுமா?”

அவன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, “சன்னல் பக்கம் வெளிச்சம் கூசுது. துணியை இழுத்து விடு” என்றான். நல்ல கண்ணும் கெடும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. துணியை இழுத்துவிட்டுக் கிளம்பினாள்.

அந்த அக்கா வீரம்மாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தாய் இறந்தபோது ரெங்கசாமி தவழ்கிற பிள்ளை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரிலிருந்து கப்பலேறியவள் வீரம்மாள். கிள்ளானில் மாடு வைத்துப் பால் விற்று அவனை ஆளாக்கினாள். பட்டறையில் வேலை வாங்கித் தந்தவளும், பெண் பார்த்து வைத்தவளும் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் வீடு எந்தத் தெருவில் பிடிக்க வேண்டும், கட்டில் எந்தச் சுவரோரம் போட வேண்டும், மகளுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதெல்லாம் கிள்ளானிலிருந்துதான் தீர்மானமாகி வந்தன. வீரம்மாள் யாரையும் கட்டி வைக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் அவளை விட்டு எட்டிப் போனதில்லை. ரெங்கசாமி எங்கே நின்றாலும் அவன் முகம் கிள்ளான் பக்கம் திரும்பியே இருக்கும் என்று நல்லம்மாள் ஒருமுறை அடுத்த வீட்டு இராஜம்மாவிடம் சொன்னாள். இராஜம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நல்லம்மாளுக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கோயிலில் நுழைந்து குருக்களைப் பிடித்தாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சனி மார்கழியிலேயே மகரத்துக்குப் போயாச்சு அம்மா. உங்க ஆத்துக்காரருக்கு ஏழரை விட்டாச்சு. நிம்மதியாப் போங்கோ” என்றார். அவளுக்கு அது பெரிய பலமாக இருந்தது. இதைச் சொன்னால் போதும், அண்ணி மறுக்க வழியில்லை என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினாள்.

வண்டியில் உட்கார இடமில்லை. ரப்பர் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து ஊருக்குத் திருப்பியனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மூட்டை, தகரப்பெட்டி, கோழிக்கூடை எல்லாவற்றோடும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறப் போய்க்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்றிருந்த ஒரு பெண் நகர்ந்து இடம்விட்டாள்.

“நீயும் கப்பலுக்கா அக்கா?”

“இல்லம்மா. கிள்ளான்ல எறங்கிடுவேன்.”

“குடுத்துவெச்சவ” என்றாள் அந்தப் பெண்.

வெளியே ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. பத்து தீகா ஸ்டேஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. நின்றபடியே அவள் கண்ணயர்ந்தாள்.

கிள்ளானில் மாட்டுக்கொட்டகை ஆற்றுப் பக்கம். வீரம்மாள் குந்தி உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். மாட்டுக்காரன் சின்னையா கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வா. கண்ணு தெறந்தானா?”

“ஒண்ணு தெறந்திருக்கு அண்ணி.”

“இன்னொண்ணு?”

“அதை எடுத்திடணும்ங்கிறாங்க.”

“எடுக்கறதுக்கு அது என்ன, பல்லா?”

கறக்கும் சத்தம் நிற்கவில்லை. நல்லம்மாள் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னாள். கையைக் குவித்து, கட்டைவிரலை வைத்து, குழியும் கண்ணும் காட்டினாள். முகம் உள்ளே விழாது என்பதையும் கண்ணாடிக் கண்ணையும் சொன்னாள்.

“யாரு சொன்னது இதெல்லாம்?”

“டிரெஸ்ஸரு ஐயா. யாழ்ப்பாணத்துக்காரரு. நல்ல மனுசன்.”

“அவங்களுக்கு வெள்ளைக்காரன் சொன்னா வேதவாக்கு. சனி பங்குனிக் கடைசியிலதான் மாறுது நல்லம்மா. ஏழரை வருஷம் போட்டு வாட்டினவன் கெளம்பற நேரத்துல எதையாச்சும் கையில குடுத்துட்டுத்தான் போவான். போன பார்வையையே குடுத்தாலும் குடுப்பான். அதுக்குள்ள குழியைத் தோண்டிப்புட்டா அவன் எங்க கொண்டுபோயி வெப்பான்?”

இந்த இடத்துக்காகத்தான் நல்லம்மாள் காத்திருந்தாள்.

“கோயில் குருக்களைக் கேட்டேன் அண்ணி. சனி மார்கழியிலயே மாறியாச்சுங்கிறாரு. புஸ்தகத்துல காட்டினாரு.”

“எந்தப் பஞ்சாங்கம்?”

“அவரு வெச்சிருக்கிறது.”

“அது தூரக்கண்ணாடி வெச்சுப் பாத்துக் கணக்குப் போடறவன் பஞ்சாங்கம். நமக்கு அது ஆகாது. எனக்கு நாகப்பட்டணத்துலேருந்து கப்பல்ல வருது பாரு, எங்கப்பன் காலத்துலேருந்து பாக்கறது, அதுலதான் என் தம்பிக்குச் சனி நடக்குது.”

“சனி ஒண்ணுதானே அண்ணி?”

“சனி ஒண்ணுதான். பாக்கறவன் ஒருத்தனா?”

சின்னையா, “அங்க மாறினவரு இங்க வந்துசேர ரயிலு லேட்டாயிருக்கும் ஆத்தா” என்றான்.

“நீ கன்னுக்குட்டியைப் பாரு.”

நல்லம்மாளின் பலம் அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸில் மாறிவிட்ட சனி கிள்ளானில் இன்னும் மாறவில்லை. அவள் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பணிவாகக் கேள் என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

“அண்ணி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நல்ல கண்ணும் கூசுதுன்னு இன்னிக்குச் சொன்னாரு. அதுவும் போச்சுன்னா அவரு என்ன செய்வாரு? பட்டறைக்காரன் வெச்சுக்குவானா? ஒத்தக் கண்ணோட துருத்தியாவது ஊதலாம்.”

வீரம்மாள் எழுந்தாள். பால் செம்பைச் சின்னையாவிடம் கொடுத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“என் வீட்டுக்காரரு போனது உனக்குத் தெரியாது. நீ கல்யாணமாகி வர்றதுக்கு முன்னால. கப்பல்துறையில மரம் விழுந்து காலு நசுங்கிப்போச்சு. காலை எடுத்தா உசுரு நிக்கும்னாங்க. நான்தான் சரின்னேன். அவரு வேணாம் வேணாம்னு என் கையைப் பிடிச்சாரு. நான் சரின்னேன். காலு மொத நாளு போச்சு, ஆளு மறுநாளு போனாரு. அன்னிக்குப் பஞ்சாங்கத்தை நான் பாக்கல.” முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். “இன்னொரு தடவை என் வாயால சரின்னு சொல்லமாட்டேன். போ. இருட்டறதுக்கு முன்னால வண்டியைப் பிடி.”

வீரம்மாள் திருநீறு மடித்துக் கொடுத்தாள், ஒரு தூக்கில் பாலும் கொடுத்தாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். திரும்பும் வண்டி காலியாகக் கிடந்தது. கப்பலேறியவர்கள் விட்டுப்போன ஒரு கிழிந்த பாய் தரையில் கிடந்தது. பால் தளும்பாமல் தூக்கை மடியில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வண்டி ஆட்டத்தில் எலும்பெல்லாம் வலித்தது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசிக்கக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை. நாளைக்கு ஒருமுறை போ என்பான். நாளைக்கும் அண்ணி முடியாது என்பாள். அப்புறம் மறுபடியும் போ என்பான். அதற்குள் கண் போய்விடும்.

ஆஸ்பத்திரி வாசலில் பார்வையாளர் நேரம் முடியப்போகிறதென்று மணியடித்துக்கொண்டிருந்தார்கள். விநாயகமூர்த்தி அவளைக் கண்டதும், “ஓடிப் போய்ப் பாத்திட்டு வாங்கோ” என்று கதவைத் திறந்துவிட்டார்.

ரெங்கசாமி உட்கார்ந்திருந்தான். அவள் கட்டிலருகே வருவதற்குள் கேட்டான்.

“அக்கா என்ன சொல்லுச்சு?”

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தாள். ‘முடியாது’ என்ற ஒரு சொல்லைக் கிள்ளானிலிருந்து சுமந்து வந்தவள், அதை வாய்வரை தூக்க முடியாமல் போனாள்.

“சரின்னுட்டாங்க.”

“யாரு? அக்காவா?”

“அண்ணிதான்.”

“சும்மாச் சொல்லாதே புள்ளே. அக்கா என்ன சொல்லுச்சோ அதை அப்பிடியே சொல்லு.”

அப்படியே என்றால் வார்த்தை வேண்டும். நல்லம்மாள் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு, “‘என் தம்பிக்கு ஒரு கண்ணாவது நிக்கட்டும்’னாங்க” என்றாள்.

ரெங்கசாமியின் நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் இறங்கியது. அது கூசியதால் வந்த நீரில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“பஞ்சாங்கம்?”

“அதைப் பத்திப் பேச்சே எடுக்கல. திருநீறு குடுத்தாங்க. பாலு குடுத்தாங்க.”

திருநீற்றைப் பார்த்ததும் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த மடிப்பு அக்காவின் மடிப்பு. வேறு யாருக்கும் அப்படி மடிக்க வராது. “டிரெஸ்ஸரைக் கூப்பிடு” என்றான். கைநாட்டு வைக்கக் கையை நீட்டினான். விநாயகமூர்த்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கண்ணை எடுத்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் ரெங்கசாமிக்குக் காய்ச்சல் வந்தது, விட்டது. நல்ல கண்ணில் கூச்சம் குறைந்தது. டாக்டர் விளக்கைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு எதையோ சொல்ல, விநாயகமூர்த்தி சிரித்த முகத்தோடு, “வலது கண் சுத்தமா இருக்குது. இனிப் பயமில்லை எண்டு சொல்லுறார்” என்றார். நல்லம்மாள் கும்பிட்டாள். ஆனால் அவளுக்கு வேறு பயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்க வருவதாக வீரம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். வந்து, நான் எங்கேடி சரியென்றேன் என்று கேட்பாள். கண் இல்லாத இடத்தைப் பார்த்துக் கேட்பாள். தன் அக்காவின் வாக்கு இல்லாமல் தன் உடம்பில் கத்தி பட்டது என்று தெரிந்தால் ரெங்கசாமி இனி அவள் முகத்தில் விழிப்பானா என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னதாக அவனிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் அவன், “அக்கா வரட்டும். அது கால்ல விழணும்” என்றான்.

வீரம்மாள் வந்தாள். வார்டு வாசலில் நின்று கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தம்பியின் கட்டைக் கண்டதும் நடை நின்றது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு புடைத்திருக்கவில்லை, தட்டையாக இருந்தது. அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நல்லம்மாள் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா!” ரெங்கசாமி கையை நீட்டினான். “நீ மட்டும் அன்னிக்குச் சரின்னு சொல்லலைன்னா நான் முழுக்குருடுக்கா. டாக்டர் சொல்லிட்டாரு. நீ சொன்ன வார்த்தைதான் காப்பாத்திச்சு.”

வீரம்மாள் நல்லம்மாளைப் பார்த்தாள். அது நீண்ட பார்வை. பக்கத்துக் கட்டில் கிழவர் இருமுவதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார். பிறகு வீரம்மாள் குனிந்து தம்பியின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“நான் யாரு தெரியுதா?”

“தெரியாம என்ன. மூக்குத்தி புதுசா?”

“பழசுதான். வெளக்கினேன்.”

அவள் தாடையை விடவில்லை. விரல்கள் அவன் கன்னத்தில் ஏறி, கட்டின் ஓரம்வரை போய், அதைத் தொடாமல் நின்றன.

“நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?” என்றாள்.

நல்லம்மாள் வெளியே போய்த் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வீரம்மாளும் வந்து அவள்முன் நின்றாள்.

“எப்பிடிச் சொன்னேன்னு சொன்னே?”

“அண்ணி…”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு அவன் என்னைக் கேட்டா நான் வேற மாதிரி சொல்லிவெக்கக் கூடாது.”

“‘என் தம்பிக்கு ஒரு கண்ணாவது நிக்கட்டும்’னு சொன்னீங்கன்னு சொன்னேன்.”

வீரம்மாள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். முகம் சுளித்தது.

“நான் என்னிக்கு அப்பிடிப் பேசியிருக்கேன்? ‘எடுத்துத் தொலைங்க, மிச்சத்தைக் காப்பாத்துங்க’ன்னு சொல்லியிருப்பேன். அவன் நம்பினானா?”

“அழுதாரு.”

“அழுதானா?”

வீரம்மாள் தாழ்வாரத்துக்கு வெளியே பார்த்தாள். புல்வெளியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனால் குரல் வந்தபோது பழைய குரலாகவே வந்தது.

“சின்னையா வாயை நான் பாத்துக்கறேன். அவனுக்குத்தான் எல்லாம் தெரியும். இன்னொரு தடவை என் பேர்ல பேசினே, பாரு. நான் மனுஷியா இருக்கமாட்டேன்.”

“சரிங்க அண்ணி.”

“பாலைக் காய்ச்சிக் குடுத்தியா அன்னிக்கு?”

“குடுத்தேன் அண்ணி.”

“நீ குடிச்சியா?”

நல்லம்மாளுக்கு நினைவில்லை. வீரம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில் கிழவர் ஏதோ கேட்டார் போலும். வீரம்மாள் உரத்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

“ஆமாங்க, தம்பிதான். எல்லாரும் பயந்தாங்க. இவன் பொஞ்சாதி என் கொட்டகையில வந்து உக்காந்துக்கிட்டு ஒரே அழுகை. நான்தான் சொன்னேன், எடுத்துத் தொலைங்க, மிச்சத்தைக் காப்பாத்துங்கன்னு…”

ரெங்கசாமி ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நல்லம்மாள் சுவரில் தலையைச் சாய்த்தாள். டிரெஸ்ஸர் விநாயகமூர்த்தி மருந்துத் தட்டோடு அந்தப் பக்கம் வந்து, அவளிடம் ஏதோ சொல்ல நின்றார். அவள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். அவர் செருப்புச் சத்தம் கேட்காமல் அடிவைத்து உள்ளே போனார்.